இடது காது

"மழை பெஞ்சா கடலுக்கு அடியில இருக்கிற மீனுக்குத் தெரியுமாண்ணா?"

தங்கை இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அண்ணனுக்குப் பதினான்கு. அப்பாவின் ஒலிபெருக்கி வாடகைக் கடைக்குப் பின்னால்தான் வீடு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் மழை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது ஏற்கெனவே நனைஞ்சுதானே கிடக்கு. அதுக்கு என்ன தெரியப்போகுது?" என்றான் அண்ணன்.

"சத்தம் கேக்குமில்ல?"

அண்ணன் தோளைக் குலுக்கினான். பதில் வராத கேள்வியை அந்தப் பெண் சும்மா விடுகிறவள் இல்லை. அடுத்த மழைக்கு, கடையிலிருந்து ஒரு மைக்கை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, வாசலில் இருந்த தண்ணீர் டிரம்முக்குள் இறக்கிவிட்டாள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மழைக்காகக் காத்திருந்தாள். பையில் ஓட்டை இருந்ததை அவள் பார்க்கவில்லை. கடையிலேயே நல்ல மைக் அதுதான் என்பதும் அவளுக்குத் தெரியாது.

"யார் பண்ணின வேலை இது?"

தங்கை அண்ணனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்ப்பா," என்றான் அண்ணன்.

அப்பா வலது கைக்காரர். அடி இடது கன்னத்தில் விழுந்தது, காதையும் சேர்த்து.

அப்பா கெட்டவர் இல்லை. அன்று சாயங்காலமே மகனுக்குப் புதுப் பேனா வாங்கிவந்து, பாடப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஆனால் ஏழு வயதுக்காரி அன்று உண்மையைச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பயம் ஒரு நாள்தான் இருந்தது. அப்புறம் அது கூச்சமாகி, கூச்சம் பழக்கமாகி, இருபத்தேழு வருஷம் ஓடிவிட்டது.

அந்த அண்ணனும் தங்கையும்தான் இப்போது இந்தத் தீவில், அறை எண் ஏழில், காலைக் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கூடவே அண்ணி. படகுத்துறையில் அண்ணி தவறவிட்ட செருப்பு நேற்று கிடைத்துவிட்டது. ஆனால் அது அவளுடைய செருப்பு இல்லை என்று ஒரு சந்தேகம் மட்டும் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

"கொஞ்சம் பெரிசா இருக்கு பாருங்க."

"கடல் காத்துல செருப்பு வளரும்," என்றான் அண்ணன்.

"உங்க நாக்கு வளர்ந்த அளவுக்கு வளரலை."

அண்ணன் ஏசி மெக்கானிக். மொட்டை மாடிகளில், வெயிலில், அனல் கக்கும் பெட்டிகளுக்கு நடுவில் முட்டி போட்டு வேலை செய்கிறவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, போனில் கடலடி வீடியோக்களைப் பார்ப்பான். பவளப் பாறைகள், பட்டை போட்ட மீன்கள், சும்மா அசைந்துகொண்டிருக்கும் செடிகள். பத்து வருஷமாக இதுதான். இந்தப் பயணமே அதற்காகத்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கீழே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

தங்கைக்கு நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் போன மாதம் நடந்தது.

அவள் காது கேட்கும் கருவிகள் செய்யும் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காதுக்குள் சிலிகான் பசையை விட்டு, அது இறுகியதும் எடுத்து, அந்தக் காதுக்கென்றே பொருந்தும் அச்சு செய்வது அவள் வேலை. படிக்கிற காலத்தில் பழகிப்பார்க்கக் காது வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் அண்ணன் வலது காதையே காட்டுவான். இடது காது சின்ன வயதுக் காய்ச்சலில் கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்பான். அண்ணியிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். தங்கை அதை நம்பினாள். நம்புவது சௌகரியமாக இருந்தது.

போன மாதம், ஏசி இரைச்சலில் கிடந்து நல்ல காதும் கெட்டுப்போகும் என்று வற்புறுத்தி, இரண்டு காதுக்கும் அச்சு எடுக்க உட்காரவைத்தாள்.

"உள்ளயெல்லாம் பாக்க மாட்டியே?" என்றான்.

"அச்சு எடுக்கத்தானே."

பசை விடுவதற்கு முன்னால் விளக்குப் போட்டுப் பார்க்காமல் முடியாது. பார்த்தாள். இடது செவிப்பறையில் ஓட்டை. ஓரம் தடித்துப்போன பழைய ஓட்டை. எப்போது வந்தது என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்னடி, கப்பல் ஏதாவது தெரியுதா?"

"அழுக்குதான் தெரியுது. கழுத்துக்கு மேல குளிக்கறதே இல்லையா நீ?" என்றாள். குரல் நடுங்காமல் இருந்ததற்கு அவள் இன்றுவரை கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் காதோடு பத்து மீட்டர் ஆழத்துக்குப் போகக்கூடாது. ஓட்டை வழியாகக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே புகுந்தால் தலை சுற்றும். மேலே எது, கீழே எது என்று தெரியாது. கரையில் அது மயக்கம். கடலுக்கு அடியில் அது உயிருக்கே உலை.

எட்டரை மணிக்கு மூவரும் கடற்கரையில் இருந்த டைவிங் கடைக்குப் போனார்கள்.

கடையை நடத்துகிறவள் ஒரு பெண். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. சாக்பீஸைப் பென்சில் மாதிரி காதில் செருகியிருந்தாள். எல்லோரும் அவளைக் கேப்டன் என்றார்கள். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் மூன்று பயணங்கள்.

"முதலாவது மூழ்கின கப்பல். அது பழகினவங்களுக்கு," என்றாள் கேப்டன். "ரெண்டாவது பவளச் சுவர். முதல் தடவை ஸ்கூபா பண்றவங்க பயிற்சியாளர் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பத்து மீட்டர் வரை போகலாம். மூணாவது ஆமைத் திட்டு. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு, வாயில குழாயை வெச்சு, மேலயே மிதந்துக்கிட்டு குனிஞ்சு பாக்கறது. ஸ்நார்கெல். ஜாக்கெட்டைக் கழட்டக் கூடாது, முங்கக் கூடாது. குழந்தைங்க, வயசானவங்க, யார் வேணாலும் வரலாம்."

"படகுல உக்காந்து செருப்பைப் பாத்துக்கறவங்களுக்கு எதுங்க?" என்றாள் அண்ணி.

"ஆமைத் திட்டு. படகுல நிழல் இருக்கு."

"என்னை அதுல போடுங்க."

"ரெண்டாவதுல ரெண்டு பேர்," என்றான் அண்ணன், தங்கையைக் காட்டி. "நானும் என் வாலும்."

கேப்டன் பெயர் எழுதுவதில்லை. அறை எண்தான். பவளச் சுவருக்குக் கீழே 'ஏழு – இரண்டு பேர்' என்று எழுதினாள். அந்த எழுத்தை அண்ணன் பார்த்த பார்வை, பரீட்சை முடிவில் தன் எண்ணைக் கண்டுபிடித்த மாணவனின் பார்வையாக இருந்தது.

"கடைக்குப் பின்னால இடுப்பளவு தண்ணியில ஒரு தடவை மூச்சு விட்டுக் காட்டணும். அது சரியா வந்தாத்தான் படகு. அதுக்கு முன்னாடி இதை நிரப்புங்க."

உடல்நலப் படிவம். அண்ணன் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தான்.

"ஆஸ்துமா? இல்லை. வலிப்பு? இல்லை. இதயத்தில் ஏதாவது? ஒருத்தி உக்காந்திருக்கா."

"காலி பண்ணிடுவேன், ஜாக்கிரதை," என்றாள் அண்ணி.

அடுத்த வரியை அவன் சத்தமாகப் படிக்கவில்லை. தங்கை எட்டிப் பார்த்தாள். 'காது தொடர்பான கோளாறு.' பேனா ஒரு நொடி நின்றது. பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது.

"அண்ணா, காதுன்னு கேட்டிருக்காங்களே," என்றாள் மெதுவாக. "உனக்குத்தான் அந்தக் காய்ச்சல்ல..."

"அது எந்தக் காலம். ஆறிப்போச்சு."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

"ஒரு மணி நேரம்டி வாலு. அதுக்குள்ள காது என்ன ஓடியா போகப்போகுது? பேனா எழுதலை, உன்னதைக் குடு."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினான். அவளுக்குப் புரிந்தது. ஓட்டையைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னால், எப்படி வந்தது என்று அண்ணி கேட்பாள். அவன் மறுபடியும் காய்ச்சல் என்பான். அந்தப் பொய்யைத் தங்கையின் முகத்துக்கு நேராகவே அவன் சொல்ல வேண்டியிருக்கும். இத்தனை வருஷமும் அவன் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தது, அவள் மனசு நோகக் கூடாது என்பதற்காக. முன்பின் தெரியாத கடையில் வைத்து அதைப் பிடுங்கிப்போட அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு வழி இருந்தது. அது பலிக்காவிட்டால், கேப்டனைத் தனியாக அழைத்து உள்ளதைச் சொல்லிவிடுவது. உயிருக்கு முன்னால் மனவருத்தமெல்லாம் பெரிதில்லை.

உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கை கூப்பினாள். "பொய்யா நடிக்கப்போறேன். நீதான் பொறுத்துக்கணும். ஆனா பலிக்கவும் வைக்கணும்." இப்படி ஒரு வேண்டுதல் முறையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் மனசு சற்று லேசானது.

"நான்தான் முதல்ல," என்றாள் வெளியே வந்து.

"வயசுல பெரியவன் நான் இருக்கேன்."

"அதான். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அண்ணி என்னைத்தான் உதைப்பாங்க. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

அண்ணி சிரித்தாள். "போகட்டும் விடுங்க. ஞாயித்துக்கிழமை இருபது குழந்தைங்களுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கிற டீச்சர். உங்களுக்கும் நாலு பாடம் எடுப்பா."

உண்மைதான். ஞாயிறுதோறும் நகரத்து நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். போன ஞாயிறு, "மிஸ் கடலுக்கு அடியில போகப்போறேன், வந்து கதை சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

இடுப்பளவு தண்ணீர். பயிற்சியாளர் சிலிண்டரை மாட்டிவிட்டார். மூச்சுக் குழாயின் ரப்பரை வாயில் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

மூச்சு சீராக வந்தது. அவள் எதிர்பார்த்ததைவிட இதமாக வந்தது. கீழே வெள்ளை மணல். விரல் நீள மீன் ஒன்று அவள் கால் கட்டைவிரலைச் சோதித்துவிட்டுப் போனது. இன்னும் ஒரு நிமிஷம் இருந்துவிடலாமா என்று ஆசையாக இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்ட ஏழு வயதுக்காரி அவளுக்குள் இன்னும் இருந்தாள்.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ரப்பரைத் துப்பி, இருமிக்கொண்டு எழுந்தாள்.

"பரவாயில்ல," என்றார் பயிற்சியாளர். "மறுபடியும்."

இரண்டாவது தடவை கையைக் காலை உதறினாள். மூன்றாவது தடவை மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "முடியாது, மூச்சு முட்டுது," என்று நின்றாள்.

கரையில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி, "அம்மா, அந்த ஆன்ட்டிக்குத் தண்ணின்னா பயமா?" என்று கேட்டாள். அம்மா அவளை அதட்டினாள். ஆனால் சிறுமி தண்ணீருக்குள் இறங்கி வந்து, மிதந்துகொண்டிருந்த மாஸ்க்கை எடுத்துக்கொடுத்தாள்.

"ஆன்ட்டி, மூக்கால விடாதீங்க. வாயால மெதுவா விடுங்க. பயமே வராது."

ஞாயிறுதோறும் அவள் குழந்தைகளுக்குச் சொல்லும் அதே வார்த்தைகள். தங்கை மாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். "சரிம்மா. நீ சொன்னா சரி," என்று அந்தச் சின்னக் கன்னத்தைத் தொட்டாள்.

அதற்குள் அண்ணன் சட்டையோடு, பேண்டோடு, பையில் போனோடு தண்ணீருக்குள் ஓடிவந்துவிட்டான்.

"என்னடி ஆச்சு?"

"முடியலண்ணா."

"போன், போன்," என்று கரையிலிருந்து அண்ணி கத்தினாள். அவன் எடுத்துப் பார்த்தபோது போன் கண்ணை மூடிவிட்டிருந்தது. பத்து வருஷத்து மீன் வீடியோவெல்லாம் கடைசியில் கடலையே பார்த்துவிட்டன.

கேப்டன் வந்தாள். "பயம் யாருக்கும் வரும்மா. நீங்க கரையில ஓய்வெடுங்க. சார், உங்க இடம் அப்படியே இருக்கு. நீங்க வாங்க, மூச்சு விட்டுக் காட்டுங்க."

அண்ணன் கடலைப் பார்த்தான். பவளச் சுவருக்குப் போகும் படகில் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நீ போண்ணா," என்றாள் தங்கை. "நான் அந்த ஆமைத் திட்டுக்கு... பாத்துக்கறேன்."

வாய்தான் போ என்றது. கை அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தது. அதை அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. உள்ளபடியே அவளுக்குப் பயம்தான். அவன் போய்விடுவானோ என்ற பயம்.

அண்ணன் திரும்பி அந்தக் கையைப் பார்த்தான்.

"ஏழாம் நம்பர் ரெண்டு பேரையும் ஆமைக்கே மாத்திடுங்க," என்றான்.

"ஒரு தடவைதானே வந்திருக்கீங்க சார்."

"இவளை விட்டுட்டு அங்க போனா எனக்கு மீன் தெரியாது மேடம். இவ முகம்தான் தெரியும்."

கேப்டன் ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாள்.

பவளச் சுவர்ப் படகு கிளம்பி, ஒரு புள்ளியாகி மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரைக் காப்பாற்றும்போது அவருடைய ஆசையில் ஒரு துண்டு நம் கையோடு உடைந்து வந்துவிடுகிறது. அந்தத் துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக்கொண்டாள்.

ஆமைத் திட்டுப் படகில் அவர்களோடு இரண்டு தாத்தாக்களும், மாஸ்க் எடுத்துக்கொடுத்த சிறுமியின் குடும்பமும் இருந்தார்கள். தங்கை பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள்.

"காதுல வைக்கிற அடைப்பு. போன மாசம் அச்சு எடுத்தேனே, அதுல பண்ணினது. தண்ணிக்கு எப்படித் தாங்குதுன்னு பாக்கணும். போட்டுக்கோ. மேல நீச்சல் தொப்பியும் போட்டுக்கோ."

"என்னை எலியா வெச்சுப் பரிசோதனையா?"

"எலிக்கு இவ்வளவு பெரிய காது கிடையாது," என்றாள் அண்ணி.

அவன் இரண்டையும் மாட்டிக்கொண்டான். சற்று நேரம் கழித்து, "ரெண்டும் இருந்தா நீ பேசறது கேக்கலை," என்று வலது காதில் இருந்ததை மட்டும் கழற்றி அவள் கையில் கொடுத்தான். இடது காதில் இருந்ததை விரலால் இன்னும் ஒரு தடவை அழுத்திவிட்டு, தொப்பியை இழுத்து மூடிக்கொண்டான். தங்கை அந்த நேரம் பார்த்து ஆமை ஏதாவது தெரிகிறதா என்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திட்டில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு குப்புற மிதந்தார்கள். கீழே மஞ்சள் மூளை போலச் சுருண்ட பவளம். அதன் இடுக்கில் நீலமும் கருப்புமாக மீன்கள். ஒரு ஆமை, காலையில் மெதுவாகக் கடை திறக்கப் போகிற முதலாளி மாதிரி, இவர்களைக் கவனிக்காமல் நீந்திப்போனது. அண்ணன் அவள் கையை ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றையும் காட்டினான். பயந்தவளுக்குத் தைரியம் சொல்வதுபோல் நடுநடுவே ஒரு தட்டும் தட்டினான்.

அப்போதுதான் வெளிச்சம் மங்கியது. முதுகில் ஏதோ குத்தியது. மழை.

மேலே படகில் அண்ணி ஏதோ சொல்வது தேய்ந்துபோனது. தண்ணீருக்குள் வேறொரு சத்தம் எழுந்தது. சூடான வாணலியில் பொடிப்பொடியாக ஏதோ பொரிவது மாதிரி, கடல் முழுவதும் ஒரே சீராக, மெல்லிசாக. மீன்கள் ஒரு நொடி நின்றன. பிறகு எல்லாமாகச் சேர்ந்து பவளத்தின் பக்கம் ஒதுங்கின.

அண்ணன் அவள் கையை அழுத்திப் பிடித்தான். தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பினான். மழை அவன் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"வாலு," என்றான். "தெரியுதுடி. மீனுக்கு நல்லாவே தெரியுது."

அவளும் தலையைத் தூக்கி, மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன, மாஸ்க்குக்குள்ள தண்ணி வந்துடுச்சா?"

"சரியாப் பொருந்தலை," என்றாள்.

மதியம் அறைக்குத் திரும்பியபோது அண்ணியின் போன் அடித்தது. அண்ணனின் போன் அரிசி டப்பாவுக்குள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்ததால், அப்பா மருமகளுக்குப் போட்டிருந்தார். அவருக்கு இப்போது காது மந்தம். மகள் செய்துகொடுத்த கருவியை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதம். அதனால் கத்தித்தான் பேசுவார். வராந்தாவிலிருந்து அறைக்குள் வரை கேட்டது.

"நாளைக்கு மத்தியானப் படகுல நானும் வரேம்மா. பிள்ளைங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். கடையைக் காலி பண்ணும்போது அந்தப் பழைய மைக்கு கிடைச்சுது."

"எந்த மைக்கு மாமா?"

"அதுங்களுக்குத் தெரியும்."

அறைக்குள் தங்கை அசையாமல் நின்றாள். வராந்தாவில் அண்ணன், "வரட்டும், இடம்தான் இருக்கே," என்று மட்டும் சொன்னது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணி தன் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"கேளுக்கா இந்தக் கூத்தை. ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்குடுக்கிற டீச்சர், இடுப்பளவு தண்ணியில நின்னு அழுதா. எட்டு வயசுக் குழந்தை வந்து பாடம் எடுத்துச்சு. இவ பண்ணினதுல இவரும் போகலை."

"அவளைச் சொல்லாத," என்றான் அண்ணன். "யாருக்கும் வரும்."

அண்ணியின் சிரிப்பில் விஷம் இல்லை. ஆனாலும் இந்தக் கதை இனி குடும்பத்தில் எல்லா விசேஷத்துக்கும் வரும். ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைகள்வரை போகும். வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நேராகிவிடும். தங்கை போகவில்லை.

அண்ணன் மேஜைமேல் வைத்துவிட்டுப் போன இடது காது அடைப்பை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதன் உள்முனையில், யாருக்கும் சொல்லாமல், அவள் ஒரு துளி பஞ்சு வைத்திருந்தாள்.

விரல் நுனியால் தொட்டாள்.

பஞ்சு நனையவே இல்லை.